அட்டெண்டருக்கு அறுபது, கிளார்க்குக்கு ஐம்பத்தெட்டு

ருக்மிணியின் பிறந்த தேதி ஜூன் பத்து, 1940. அவளுடைய அம்மாவைக் கேட்டால், பல்லைக் கிடுகிடுக்க வைத்த மார்கழிக் குளிரில் பிறந்தவள் என்பாள். ஹெட்மாஸ்டரிடம் அதெல்லாம் எடுபடுமா? அந்தக் காலத்தில் தேதி தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற பிள்ளைகளையெல்லாம் ஹெட்மாஸ்டர்களே ஜூன் மாதத்தில் பெற்றுப் போட்டார்கள். பள்ளி திறப்பது ஜூனில். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு ஜூனை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் பெங்களூரில் எந்தச் சர்க்கார் ஆபீசை எடுத்துக்கொண்டாலும் ஜூன் கடைசியில் மாலையும் சால்வையுமாக இருக்கும். ஹெட்மாஸ்டர்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக ரிட்டயர் ஆவார்கள்.

மர்பி டவுனில் அவள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் பெண் ருக்மிணி. பாஸ் செய்து என்ன செய்ய? அடுத்த வருஷமே அர்ஜுனனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அர்ஜுனன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். நல்ல மனுஷன், கை சுத்தம், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் வாய் நாறும். எழுபத்தைந்தில் அவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு உட்கார்ந்தபடி செய்கிற சில்லறை வேலைதான் அவனால் முடிந்தது. ருக்மிணி வேலைக்குக் கிளம்பினாள்.

குயின்ஸ் ரோடு பக்கம் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் தண்ணீர் பிடித்து வைத்து, பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. பார்ட் டைம் என்று அதற்குப் பெயர். மத்தியானம் வரைக்கும் என்று சொல்லி எடுத்தார்கள், சாயங்காலம் வரைக்கும் வேலை வாங்கினார்கள். யார் போய்க் கேட்பது? கேட்டால் நாளைக்கு வராதே என்பார்கள். வாயை மூடிக்கொண்டு அப்படியே பதின்மூன்று வருஷம் ஓட்டினாள். 1989 ஜனவரியில்தான் அவளை நிரந்தரமாக்கி, அட்டெண்டர் என்று ஆர்டர் கொடுத்தார்கள். அன்றைக்கு அவள் வயது ஹெட்மாஸ்டர் கணக்குப்படி நாற்பத்தெட்டு.

சர்க்கார் வேலையில் ஏ, பி, சி, டி என்று நான்கு படி. ஆபீசர்கள் மேலே, கிளார்க்குகள் சி, அட்டெண்டரும் பெருக்குகிறவரும் கடைசிப் படியான குரூப் டி. அந்த ஆபீஸ் கிளார்க்குகளுக்கு டீ வேண்டுமென்றால் “குரூப் டீயக் கூப்பிடுப்பா” என்பார்கள். ருக்மிணியும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே டீ வாங்கி வருவாள். உள்ளுக்குள்ளே எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அவள் தூக்கிக்கொண்டு போகிற பைலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியும். ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்குப் போகிற வழியில் வராந்தாவில் நின்று படிப்பாள். கிளார்க் என்றால் பைலின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு மேலே அனுப்பலாம். ஆபீசர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த ஓரத்து எழுத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த அட்டெண்டர்களுக்குச் சீனியாரிட்டிப்படி எப்போதாவது ஒரு கிளார்க் இடம் கிடைக்கும் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அல்சூர் பஜாரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துவிட்டாள். பதினெட்டு வயசுப் பெண்களுக்கு நடுவே ஐம்பத்து நாலு வயசில் உட்கார்ந்து ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டினாள். அந்தப் பெண்கள் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டு, மங்கிப்போன ரிப்பனை மாற்றித் தரச் சொல்வார்கள். மாற்றித் தருவாள்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் அந்த இடம் வந்தே விட்டது. நிர்வாக அதிகாரி கோவிந்தப்பா அவளை அறைக்குள் கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகவே பேசுவார், சந்தோஷம் வந்தால் இரண்டையும் கலந்து கட்டி அடிப்பார். எஸ்.எஸ்.எல்.சி. உள்ள அட்டெண்டர்களில் அவள்தான் மூத்தவள், எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே கிளார்க் என்றார். ருக்மிணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவாஜி நகருக்கு ஓடிப்போய் இரண்டு கிலோ மைசூர் பாகு வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தாள். அன்றைக்கு ஒருத்தன் வாயிலும் குரூப் டீ என்ற பேச்சு இல்லை.

கிளாரன்ஸ் மட்டும் மைசூர் பாகை வாங்கி மேஜையில் வைத்தார், சாப்பிடவில்லை. கிளாரன்ஸ் ஊழியர்கள் சம்பந்தப்பட்ட பைல்களைப் பார்க்கிற மூத்த கிளார்க். பிரேசர் டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அவரும் ஜூன் மாதத்துப் பிள்ளைதான். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

“ருக்மிணிம்மா, ஒரு விஷயம் சொல்றேன், கோச்சுக்காத. நீ இப்ப குரூப் டி. உனக்கு ரிட்டயர்மென்ட் அறுபது. கிளார்க்கானா குரூப் சி. அவங்களுக்கு அம்பத்தெட்டு. தொண்ணூத்தெட்டு ஜூன்ல என்கூட நீயும் வீட்டுக்குப் போவணும்.”

போனால் போகட்டும், இரண்டு வருஷம்தானே என்றாள் ருக்மிணி. அவர் தலையை ஆட்டினார். விஷயம் இரண்டு வருஷம் இல்லை. பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருஷ சர்வீஸ் இருக்க வேண்டும். பார்ட் டைமில் ஓடிய பதின்மூன்று வருஷம் கணக்கில் வராது, அதில் ஒரு நாளைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்பத்தொன்பதிலிருந்து எண்ணினால் ஐம்பத்தெட்டு வயசில் அவளுக்கு ஒன்பதரை வருஷம்தான் ஆகியிருக்கும். ஒரு தொகையைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். மாதா மாதம் எதுவும் வராது. அட்டெண்டராகவே அறுபது வரை இருந்தால் பதினொன்றரை வருஷம், சாகிற வரைக்கும் பென்ஷன் உண்டு.

எந்த மகராசன் இப்படி ஒரு சட்டத்தை எழுதி வைத்தானோ! கடைசிப் படியில் இருப்பவன் இன்னும் இரண்டு வருஷம் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பான். மேலே ஏறினால் பள்ளத்தில் விழுகிற ஒரு பொம்பளை குயின்ஸ் ரோட்டில் இருப்பாள் என்று அவனுக்கு டில்லியில் எப்படித் தெரியும்?

ருக்மிணிக்கு வந்த கோபம் டில்லி மேல் போகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் மேல் பாய்ந்தது. “தண்ணி ஊத்தறவ உங்க பக்கத்துல ஒக்காந்துருவாளேன்னு இருக்குதா சார்?” என்று கேட்டுவிட்டாள். கிளாரன்ஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் படித்தாள். இங்கிலீஷில் இருந்தாலும் அறுபது என்பதும் ஐம்பத்தெட்டு என்பதும் எண்கள்தானே, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கேட்ட வார்த்தைக்காக அவளுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் சொன்னபோது மகன் பாலகுமார் நம்பவில்லை. ஊரில் புரமோஷன் வந்தால் எல்லாம் கூடும், இதில் மட்டும் குறையுமா, அந்தக் கிழவன் உன்னை ஏய்க்கிறான் என்றான். சின்ன வேலையோ பெரிய வேலையோ, அம்மா ரிட்டயர் ஆனால் நான் சோறு போட மாட்டேனா என்றும் கேட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஒரு கடையில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்கிறான், இரண்டு பிள்ளைகள், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை. போடுவான்தான்.

ஆனால் ருக்மிணி கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். இருபது வருஷம் ஊரான் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்த அர்ஜுனனுக்குப் பென்ஷன் என்று ஒரு காலணா கிடையாது. பீடிக்கும் வெற்றிலைக்கும் மகனிடம் கேட்பான். பாலகுமார் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. காசைக் கையிலும் கொடுத்ததில்லை. டிவி மேல் வைத்துவிட்டுப் போவான். அர்ஜுனன் உடனே எடுக்க மாட்டான். மகன் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்குகிற வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான், பிறகு போய் எடுப்பான். அந்த டிவிப் பக்கம் தன் கை போகக் கூடாது என்று ருக்மிணி எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

ராத்திரி அர்ஜுனனிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவன் சொன்னான்: “கிளார்க்குன்னு சொன்னா தெருவுல எனக்கும் பெருமதான் ருக்கு. ஆனா நான் படறத நீ படாத.”

மறுநாள், சொந்தக் காரணங்களால் பதவி உயர்வை ஏற்க இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அதை அவளே டைப் அடித்தாள். தப்பே இல்லாமல் வந்தது, பாவி மகளுக்கு அதில் வேறு ஒரு நிமிஷம் சந்தோஷம். கோவிந்தப்பா படித்துவிட்டு “யோச்னே மாடம்மா, இன்னொரு வாட்டி யோசி” என்றார். யோசித்தாகிவிட்டது என்றாள். என்ன சொந்தக் காரணம் என்று அவர் கேட்கவில்லை. பென்ஷனுக்காக என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. நேற்றைக்கு மைசூர் பாகு கொடுத்த கையல்லவா? சட்டம் தெரியாமல் குதித்தாள் பார் என்று சிரிப்பார்களே என்று பயந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. வரிசையில் அடுத்து இருந்தவள் சரளா, முப்பத்தெட்டு வயசு, புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பெண் பிள்ளை ஒன்று. இடம் அவளுக்குப் போயிற்று. ருக்மிணியக்கா நம் கஷ்டத்தைப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்தாள் என்று சரளாவே நினைத்துக்கொண்டாள். நடு ஆபீசில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “எந்திரிடி, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் ருக்மிணி. அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் இந்தக் கதை ஆபீசுக்கே பொதுவாகிவிட்டது. புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்கள்: இந்தம்மா தனக்கு வந்த கிளார்க் வேலையை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்தவர். கிளாரன்ஸுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

சரளா நல்லவள்தான். டீ வாங்கி வரச் சொல்லி ஒரு நாளும் ருக்மிணியை ஏவியதில்லை. பைலை எடுத்துப் போகச் சொல்லும்போதுகூட “அக்கா, முடிஞ்சா...” என்று இழுப்பாள். ருக்மிணி அந்த பைல்களை வராந்தாவில் நின்று படிப்பதை விட்டுவிட்டாள். ஓரத்தில் சரளாவின் எழுத்து இருக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. தொண்ணூற்றெட்டு மே மாதம். கிளாரன்ஸுக்கு வழியனுப்பு விழா நடத்தச் சந்தா வசூலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்தால் கல்யாண வீடு மாதிரி சத்தம். மத்திய சர்க்கார் ஊழியர் எல்லாருக்கும் ஓய்வு வயது அறுபது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஏ, பி, சி, டி என்ற பேதமே கிடையாது. அடுத்த மாதம் வீட்டுக்குப் போக வேண்டிய கிளாரன்ஸுக்கு இன்னும் இரண்டு வருஷம். போன மாதம் போனவர் ஒருத்தர் போனில் கூப்பிட்டு அழுதாராம்.

ருக்மிணி தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிளார்க் ஆகியிருந்தால்? இரண்டு வருஷம் கிளார்க்காக இருந்திருப்பாள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம். பென்ஷனும் வந்திருக்கும். எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினாளோ, அதை இப்போது எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவளுக்கு மட்டும் யாரையாவது நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. யாரை அறைவது? பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து முகத்தைக் கழுவும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இனிமேல் கிளார்க்குக்கும் அறுபது, அட்டெண்டருக்கும் அறுபது. ஆகவே இப்போது கிளார்க் ஆனால் எதுவும் நஷ்டமில்லையே! முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கோவிந்தப்பாவின் அறைக்குப் போனாள். அடுத்த இடம் எப்போது வரும் சார், வந்தால் இந்தத் தடவை நான் மறுக்க மாட்டேன் என்றாள்.

கோவிந்தப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் சொன்ன பதில் சுருக்கமானது. இந்த ஆபீசில் அடுத்து காலியாக வேண்டியது கிளாரன்ஸின் இடம். அடுத்த மாதம் அவர் போவதாக இருந்தது. போயிருந்தால் கீழே ஒரு கிளார்க் இடம் விழுந்திருக்கும், சீனியாரிட்டிப்படி அவளுக்குத்தான் வந்திருக்கும். இனி அவர் இரண்டாயிரம் ஜூன் வரைக்கும் இருப்பார். “நீங்களும் அதே ஜூன்தானே அம்மா?” என்றார். கேட்ட பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருக்கிறது. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒரு அட்டெண்டரை அந்த அறையில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எந்த உத்தரவு அவளுக்கு வழியைத் திறந்துவிட்டதோ அதே உத்தரவு வாசலில் ஒரு ஆளையும் உட்கார வைத்துவிட்டது. கிளாரன்ஸ் என்ன செய்வார் பாவம்? அவர் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. ஒரு வாரம் அவளை நிமிர்ந்து பார்க்காமலே இருந்தார். பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அவள் தண்ணீர் வைக்க வந்தபோது பேசினார்.

“நான் விருப்ப ஓய்வு எழுதிக் குடுக்கலாம். சர்வீஸ் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே இருந்தாலும் போனாலும் எனக்குப் பென்ஷன்ல பெரிய வித்தியாசமில்ல. எடம் உனக்கு வரும்.”

அவர் மனசார சொன்னாரா, வாய் வார்த்தையா என்று ருக்மிணி பார்த்தாள். மனசாரத்தான் சொன்னார், அதுதான் தொந்தரவு. அவருடைய மூத்த பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது ஆபீசுக்கே தெரியும். முழுச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் பெண் எடுப்பது வேறு, பாதிச் சம்பளம் பென்ஷனாக வாங்குகிறவர் வீட்டில் எடுப்பது வேறு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், போங்களேன் சார் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“நீங்க ஏன் சார் போவணும்?” என்றாள். “சும்மா இருங்க. யாராச்சும் ஒருத்தராவது முழுசா இருந்துட்டுப் போவட்டும்.”

பெரிய மனசு என்று இதை நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் அர்ஜுனனிடம், பித்துக்குளி மாதிரி கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொண்டேன் என்று புலம்பித் தீர்த்தாள். வேறு ஆபீஸ்களில் இடம் இருக்கிறதா என்று ஒரு விண்ணப்பமும் போட்டாள். இல்லை என்று பதில் வந்தது. எங்கேயும் யாரும் ரிட்டயர் ஆகவில்லை, எங்கேயும் இடம் இல்லை. நாடு முழுக்க அந்த இரண்டு வருஷமும் ஒரே கதைதான்.

இரண்டாயிரம் ஜூன் முப்பது. கிளாரன்ஸுக்கும் ருக்மிணிக்கும் சேர்த்து ஒரே விழா, ஒரே பேனர். அர்ஜுனன் கைத்தடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான், பாலகுமார் லீவு போட்டு வந்திருந்தான். கிளாரன்ஸைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். ருக்மிணியைப் பற்றிப் பேசக் கோவிந்தப்பா எழுந்தார். நல்ல மனசோடுதான் ஆரம்பித்தார். இந்த ஆபீசில் எத்தனையோ பேர் புரமோஷனுக்காகச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன், வந்த புரமோஷனை ஒரு ஏழைப் பெண்ணுக்காக வேண்டாம் என்று சொன்ன ஒரே ஒருவர் இந்த அம்மா, பதவி ஆசை என்பதே இல்லாத ஜீவன், நம் எல்லாருக்கும் தாய் மாதிரி என்றார். சரளா முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளாரன்ஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை ருக்மிணியிடம் நீட்டினார்கள். அட்டெண்டர்கள் அதை வாங்கிக் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். அவள் கொடுக்கவில்லை.

“சார் என்னப் பத்தி நல்லதா சொன்னாரு. ஆனா தப்பா சொல்லிட்டாரு. நான் யாருக்காகவும் விட்டுக் குடுக்கல. சரளா, நீ தப்பா நெனச்சுக்காதம்மா. கிளார்க்கானா அம்பத்தெட்டுல அனுப்பிடுவாங்க, பென்ஷன் வராதுன்னு பயந்து வேணாம்னு சொன்னேன். ஆச இல்லாதவன்னு மட்டும் சொல்லாதீங்க சார். ஆச இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. இன்னிக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு.”

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ டிபன் தயாராக இருக்கிறது என்று சொன்னார்கள், எல்லாரும் எழுந்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் ருக்மிணியின் பென்ஷன் தவறாமல் வந்து சேர்ந்தது.